மிக்கியோட உக்காந்து சாப்பிட ஆளுக்கு 60 டாலர்: குடும்பத்தோட போறவங்களுக்கு இது தேவையா?

கேள்வி, பிப்ரவரி 9
சேலம் அஸ்தம்பட்டில இருந்து எழுதறேன். மே கடைசில அமெரிக்கால ஆர்லாண்டோ போறோம். நாங்க ரெண்டு பேரு, மாமனார் மாமியார், பையனுக்கு 7, பொண்ணுக்கு 4. அங்க டிஸ்னி வேர்ல்ட்ல மிக்கி மின்னி எல்லாம் நம்ம டேபிளுக்கே வந்து போட்டோ எடுத்துக்கற சாப்பாடு இருக்காம், கேரக்டர் டைனிங்ன்றாங்க. ஆளுக்கு 60 டாலர் பக்கம் ஆகுமாம். வீட்டுக்காரர் பைத்தியக்காரத்தனம்ங்கறார், டிராவல்ஸ்காரர் கண்டிப்பா போங்க மேடம்ங்கறார். போனவங்க யாராவது உள்ளதைச் சொல்லுங்க.

பதில், பிப்ரவரி 9, ராத்திரி
டிராவல்ஸ்காரர் சொல்றதை விடுங்க, அவரு காசா போவுது. மொதல்ல பில்லு எவ்ளோ வரும்னு பாப்போம், ஏன்னா அந்த 60 டாலரோட கதை முடியறதில்ல.

டிஸ்னி கணக்குல 10 வயசு ஆயிட்டா பெரியவங்க. 3ல இருந்து 9 வரைக்கும் குழந்தை. 3க்குக் கீழன்னா பஃபேல காசு கிடையாது. உங்க வீட்டுல பெரியவங்க நாலு, குழந்தை ரெண்டு. பெரியவங்களுக்கு 60, குழந்தைக்கு 40னு வெச்சா 320 டாலர் (இடத்தைப் பொறுத்து, தேதியைப் பொறுத்து ஏறும் இறங்கும்). அதுமேல 6.5 சதவீதம் வரி. அதுக்கும் மேல டிப்ஸ், நம்மூர் மாதிரி சோம்புத் தட்டுல பத்து ரூபா வெச்சுட்டு வர்ற கதையெல்லாம் அங்க கிடையாது, 18, 20 சதவீதம்னு குடுத்தே ஆவணும். எல்லாம் சேத்தா 400 டாலரைத் தொட்டுரும். டாலர் 90 ரூபான்னா 36,000. ஒரு வேளைக்கு.

எங்க வீட்டுக்காரர் செவ்வாப்பேட்டைல கொலுசுப் பட்டறை வெச்சிருக்கார், எந்தச் செலவையும் இத்தனை ஜோடி கொலுசுன்னு மாத்திப் பாக்கற ஆளு. இதை மாத்திப் பாத்துட்டு ரெண்டு நாள் சரியா பேசல. ஆனாலும் போனோம். போனதுல வருத்தமில்ல, எல்லாரும் போங்கன்னும் சொல்ல மாட்டேன். ஏன்னு நாளைக்கு எழுதறேன், மாவு கரைச்சு வெக்கணும்.

பிப்ரவரி 10
சாப்பாட்டுக்குன்னு கணக்குப் போட்டா எந்தக் காலத்துலயும் கட்டாதுங்க, அந்த விஷயத்துல உங்க வீட்டுக்காரர் சொல்றது சரிதான். பஃபேன்னா என்ன, வாஃபிள், முட்டை, உருளைக்கிழங்கு, பன்னி எறச்சி, பழம். வாஃபிள் மிக்கி மூஞ்சி வடிவத்துல இருக்கும், ருசி வாஃபிள் ருசிதான்.

இதுல காசு குடுக்கறது க்யூல நிக்காம இருக்கறதுக்கு. டிஸ்னி வேர்ல்ட்ல மேஜிக் கிங்டம்னு ஒரு பார்க், அதோட வாசல் பக்கத்துலயே டவுன் ஸ்கொயர் தியேட்டர்னு ஒரு இடம், அங்க மிக்கியைப் பாக்கலாம், டிக்கெட்டுக்கு மேல பைசா வேணாம். ஆனா அரை மணி, கூட்டம்னா ஒரு மணி நேரம் க்யூ. நின்னு பாத்தா மிக்கி ஒருத்தர்தான். மின்னிக்கு வேற எடம், மிக்கியோட கூட்டாளி கூஃபிக்கு வேற க்யூ, இப்படி அஞ்சு பேரைப் பாக்க அலைஞ்சா ஒரு பொழுது போயிரும், அந்தப் பொழுதுக்கும் டிக்கெட் காசு குடுத்திருக்கோம்ல. சாப்பாட்டு இடத்துல ஏசில உக்காந்த எடத்துலயே அஞ்சு பேரும் ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு சுத்து வந்துருவாங்க. முட்டி வலிக்கிற மாமியாரைக் கூட்டிட்டுப் போனவளுக்குத்தான் அந்த நாற்காலியோட அருமை தெரியும்.

பிப்ரவரி 10, மத்தியானம்
பார்க்ல இருக்கறதும் டிஸ்னி ஹோட்டல் சாப்பாட்டுல வர்றதும் ஒரே மிக்கியான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். உங்க 7 வயசுப் பையனும் கேப்பான், பதில் ரெடி பண்ணி வெச்சுக்கங்க. நாங்க மோனோரயில்ல (பார்க்குக்கும் ஹோட்டலுக்கும் ஓடற ரயில்) வந்துட்டுப் போறார்னு சமாளிச்சோம்.

பிப்ரவரி 12
பயத்தைப் பத்தி யாருமே பேசலையே.

டிவில எலி சின்னதா இருக்கும். நேர்ல வர்றது ஆளு உசரம், தலையே ஒரு அண்டா சைஸ். எங்க சின்னவன் ஆடி மாசம் சேலம் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கைக்கு (சாமி வேஷம் போட்டு வண்டில ஊர்வலம் வருவாங்க) வருஷா வருஷம் வர்றவன், நாக்கைத் தொங்கப் போட்டுட்டு சூலத்தோட நிக்கிற காளி வேஷத்தைப் பாத்தே கை தட்டுவான். அந்த தைரியத்துல எனக்கு ஒரு கவலையும் இல்லாம இருந்தது. கூஃபி எங்க டேபிள் பக்கம் திரும்புன ஒடனே பய என் சேலைக்குள்ள பூந்துக்கிட்டான், தட்டு கவுந்து ஆரஞ்சு ஜூஸ் மாமனார் வேட்டில. ஆமா வேட்டிதான் கட்டிட்டு வந்தார், அது தனிக் கதை.

பின்னாடி யோசிச்சேன். வண்டி வேடிக்கைல சாமி வண்டி மேல இருக்கும், நாம ரோட்டோரம், நடுவுல தூரம் இருக்கு. பாத்துட்டே இருப்போம், அது போயிரும். இங்க அது நம்ம முதுகுக்குப் பின்னாடி வந்து தோளைத் தொடுது. 4 வயசுக்கு அது வேற விஷயம்.

ஆனா அந்த வேஷத்துக்குள்ள இருக்கறவங்களைச் சொல்லணும், நல்லா பழகினவங்க. இவன் அழறதைப் பாத்த ஒடனே கூஃபி ரெண்டு அடி பின்னால போயி குத்துக்கால் போட்டு உக்காந்து ரெண்டு கையாலயும் தன் மூஞ்சியை மூடிக்கிச்சு. அதுவே வெக்கப்படற மாதிரி. இவன் சேலை இடுக்குல எட்டிப் பாக்க, அது வெரல் இடுக்குல எட்டிப் பாக்க, இப்படியே கொஞ்ச நேரம் போச்சு. கடைசி வரைக்கும் கிட்ட போகல, ஆனா டாட்டா காட்டுனான். க்யூல நின்னு பாத்திருந்தா இது நடந்திருக்காது, பின்னால ஐம்பது பேரு நிப்பாங்க, அழற புள்ளைய இழுத்துட்டு வெளிய வந்திருப்போம்.

பிப்ரவரி 13
இங்கிலீஷ். இதை யோசிச்சுப் பாருங்க, உங்க பொண்ணு யுகேஜி கூட போகல.

மிக்கி, மின்னி, டொனால்ட், கூஃபி, புளூட்டோ மாதிரி முழுசா மாஸ்க் போட்ட ஆளுங்க வாயே தெறக்க மாட்டாங்க, எல்லாம் கை ஜாடைதான். இளவரசிங்க அப்படி இல்ல, மூஞ்சி தெரியும், வந்து நின்னு உன் பேர் என்ன, எந்த ஊரு, உனக்கு டான்ஸ் வருமான்னு கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவாங்க. அமெரிக்கப் புள்ளைங்க வாயடிக்கும். எங்க பெரியவ பார்க்ல ஒரு இளவரசி முன்னாடி நின்னு திருதிருன்னு முழிச்சா, நான் குறுக்க பூந்து மொழிபெயர்ப்பு பண்ணி, அந்தப் பொண்ணு சேலம்னா எங்கன்னு கேட்டு, நான் ஏற்காடு மலைன்னு என்னமோ சொல்லி, க்யூ நகரணும்னு அவங்க பொறுமையா சிரிச்சு... மிக்கிகிட்ட இந்தத் தொல்லையே கிடையாது. ஊமைங்கறதால எல்லா ஊர் புள்ளைக்கும் ஒரே மாதிரிதான்.

அதனால மேஜிக் கிங்டம் கோட்டைக்குள்ள இருக்கற சிண்ட்ரெல்லா ராயல் டேபிள்ங்கற ரெஸ்டாரண்ட்டுக்கு ஆசைப்பட்டீங்கன்னா ரெண்டு தடவை யோசிங்க. இருக்கறதுலயே வெலை கூடுனது அதுதான், பார்க் டிக்கெட்டும் வேணும், பேசற இளவரசிங்கதான் வருவாங்க. ஜன்னல் வழியா கோட்டைக்குள்ள இருந்து வெளிய பாக்கலாம்ங்கறதுக்கு அவ்ளோ காசு எனக்கு மனசு வரல.

பிப்ரவரி 15
சைவம் பத்தி கேட்டவங்களுக்கு. முட்டை சாப்பிட்டா பிரச்சினையே இல்ல. எங்க மாமியார் மாதிரி முட்டையைக் கண்ணால பாத்தாலே மூஞ்சி சுளிக்கற ஆளுன்னா வாஃபிள், பான்கேக் ரெண்டும் அவுட், மாவுலயே முட்டை இருக்கும். மிச்சம் பழம், தயிர், ஓட்ஸ், உருளைக்கிழங்கு. அதுவும் பக்கத்து டிரேல பன்னி எறச்சி கெடக்கும், கரண்டி மாறிருக்கும்னு அவங்களுக்கு சந்தேகம் வந்துட்டா முடிஞ்சது. புக் பண்றப்பவே சைவம், முட்டை வேணாம்னு எழுதிருங்க, போனதும் சர்வர்கிட்ட சொல்லி சமையல்காரரைக் கூப்பிடச் சொல்லுங்க, தனியா செஞ்சு தருவாங்க. மெனுல இலைப் படம் போட்டிருந்தா பால் முட்டை கறி எதுவும் இல்லைன்னு அர்த்தம், அதைப் பாத்துக்கங்க.

எங்க அப்பாயிக்கு (புள்ளைங்களுக்கு அப்பாயி, எனக்கு மாமியார்) அங்க ரொம்பப் புடிச்ச சாப்பாடு கேரக்டர் சாப்பாடே இல்ல. அனிமல் கிங்டம் லாட்ஜ்ல சனான்னு ஒரு ரெஸ்டாரண்ட், ஆப்பிரிக்காவும் இந்தியாவும் கலந்த சமையல். ரொட்டி வகைங்க, கூட சின்னச் சின்னக் கிண்ணத்துல சட்னி வகைங்க வரும். ஜன்னலுக்கு வெளிய ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை மேயும். பார்க் டிக்கெட் வேணாம், புள்ளைங்களும் வேடிக்கை பாத்துட்டே சாப்பிடும், பில்லு பாதி கூட வராது. அங்கயும் கேரக்டர் இருக்கு, என்ன, டேபிளுக்கு வராது.

பிப்ரவரி 15, கொஞ்ச நேரம் கழிச்சு
கட்டுச்சோறு பத்தி: டிஸ்னி வேர்ல்ட் பார்க்குக்குள்ள வீட்டுச் சாப்பாடு கொண்டு போலாம், கண்ணாடி பாட்டில் கூடாது. டாம்பா ஊர்ல இருக்கற கொழுந்தனார் வீட்டுல இருந்து புளிசாதம் கட்டிட்டுப் போனோம். ஆனா மே மாசம்னு சேலத்து மாம்பழத்தைப் பையில போட்டுட்டு ஏறிராதீங்க, அமெரிக்கா கஸ்டம்ஸ்ல பழத்தை விட மாட்டான்.

பிப்ரவரி 18
எந்த இடம்னு கேட்டா, டிஸ்னி ஹோட்டலுக்குள்ள இருக்கற ஒண்ணைப் புடிங்க, பார்க்குக்குள்ள இருக்கறது வேணாம். ஹோட்டல்ல சாப்பிட பார்க் டிக்கெட் தேவையில்ல, அதனால பார்க் போகாம ஓய்வா இருக்கற நாள்ல வெச்சுக்கலாம். பார்க் டிக்கெட் எடுத்த நாள்ல ஒண்ணரை மணி நேரம் உக்காந்து சாப்பிட்டா அந்த நேரமும் காசுதான்.

கண்டெம்பரரி ஹோட்டல்ல ஷெஃப் மிக்கீஸ், நாங்க போனது. மிக்கி, மின்னி, டொனால்ட், கூஃபி, புளூட்டோ. மோனோரயில் ஹோட்டலுக்குள்ளேயே பூந்து போகும், எங்க பெரியவ மிக்கியை விட அதைத்தான் ஆன்னு பாத்தா. நடுநடுவுல பாட்டுப் போட்டு எல்லாரும் நாப்கினைச் சுத்துவாங்க, ஒரே சத்தம், அமைதியா சாப்பிடணும்னு நெனைக்கற மாமனாருக்கு ஆகாது.

பார்க்குக்குள்ளதான் வேணும்னா ரெண்டு சொல்லலாம். எப்காட்ல கார்டன் கிரில், ரெஸ்டாரண்ட்டே மெதுவா சுத்தும், சின்ன இடம், சிப் அண்ட் டேல் அணில்களும் மிக்கியும் திரும்பத் திரும்ப வருவாங்க, தட்டைத் தூக்கிட்டு அலைய வேணாம், டேபிளுக்கே கொண்டாந்து வெப்பாங்க. அனிமல் கிங்டம்ல டஸ்கர் ஹவுஸ், டொனால்ட் சஃபாரி டிரெஸ்ல வருவார், சாப்பாட்டுல கொஞ்சம் மசாலா வாசம் இருக்கும், நம்ம நாக்குக்கு அது தேவலை.

பிப்ரவரி 20
நேரம் முக்கியம்ங்க, இதை நான் மொதல்லயே எழுதியிருக்கணும் போல. மே மாசம் நமக்கும் ஆர்லாண்டோவுக்கும் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம். அங்க ராத்திரி 7 மணின்னா நம்ம ஒடம்புக்கு விடியக்காலை நாலரை. போன மொதல் ரெண்டு மூணு நாள்ல ராத்திரி சாப்பாடு புக் பண்ணுனீங்கன்னா 400 டாலர் குடுத்து ரெண்டு புள்ளைங்களையும் நாற்காலில தூங்க வெச்சுட்டு வருவீங்க. காலைல வைங்க, அதுலயும் கடைசி நேரம், பத்தரை பதினொண்ணு பக்கம். மத்தியானச் சாப்பாட்டுச் செலவு மிச்சம்.

காலைல போயும் எங்க மாமனார் கண்ணசந்துட்டார். புளூட்டோ வந்து பாத்துச்சு, அவர் தோள்ல தலையைச் சாய்ச்சு தானும் தூங்கற மாதிரி நடிச்சுச்சு, சுத்தி இருந்த டேபிள்காரங்கல்லாம் சிரிக்க, அவர் முழிச்சுப் பாத்து "நாய் எதுக்குடா உள்ள விட்டீங்க"ன்னாரு. ஜூஸ் கறை வேட்டியோட அந்த போட்டோ இப்ப ஹால்ல மாட்டியிருக்கு. வீட்டுக்காரர்தான் பிரேம் போட்டுட்டு வந்தார், கொலுசுக் கணக்கைப் பத்தி அப்புறம் மூச்சே விடல.

பிப்ரவரி 24
பொண்ணு பயப்படுமான்னு இங்கேயே தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. நம்மூர் கல்யாண ரிசப்ஷன்ல வாசல்ல மிக்கி டிரெஸ் போட்டு சாக்லேட் குடுத்துட்டு நிப்பாங்கள்ல, அந்த மாதிரி ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போயி கிட்ட விட்டுப் பாருங்க. அங்க அலறுனா ஆர்லாண்டோலயும் அலறும். காது கோணலா, துணி சாயம் போயி, பாக்கவே வேற மாதிரி இருக்கும், அதையே தாங்கிட்டா ஒரிஜினலை ஈஸியா தாங்கிரும்.

அந்தப் பசங்க பாவம்ங்க. போன வைகாசில ஒரு மண்டபத்துல கை கழுவற பக்கம் பாத்தேன், மிக்கி தலையைக் கழட்டி வாஷ்பேசின் மேல வெச்சுட்டு ஒரு காலேஜ் பையன் மூஞ்சில தண்ணி அடிச்சுட்டு நிக்கறான், சட்டை பிழிஞ்சா ஒரு சொம்பு வரும். சாப்பிட்டியா தம்பின்னா பந்தி முடிஞ்சுதாங்க்கான்னான். டிஸ்னில தலையைக் கழட்டி யாரும் பாக்க முடியாது, நேரத்துக்கு ஆளு மாத்துவாங்க, கூடவே ஒருத்தர் பாத்துக்கிட்டே இருப்பார். 60 டாலர்ல கொஞ்சம் அதுக்கும் போவுதுன்னு நெனைச்சுக்கறேன்.

பிப்ரவரி 26
பேச்சு எங்கயோ போயிருச்சு. ஏற்காட்டுல ஹோம்ஸ்டே வெச்சிருக்கற ஒருத்தர் (தெரிஞ்சவர்தான்) கோடை விழா சீசனுக்கு காபி எஸ்டேட்ல மிக்கி டிரெஸ் ஆளை வெச்சு காலை டிபன் போடலாமான்னு கேக்கறார். வேணாம் சாமி. ரிசப்ஷன்ல யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா போர்டு வெச்சு, விளம்பரம் பண்ணி, டிக்கெட் போட்டா டிஸ்னி வக்கீல் நோட்டீஸ் வரும். 1928ல வந்த கறுப்பு வெள்ளை மிக்கிக்கு 2024 ஜனவரி 1ல அமெரிக்காவுல காபிரைட் முடிஞ்சது உண்மைதான், அதுக்காக இப்ப இருக்கற மிக்கியை எடுத்துக்க முடியாது, டிரேட்மார்க் வேற இருக்கு.

அப்புறம் ஏற்காட்டுல கேரக்டர் டைனிங் ஏற்கனவே நடக்குதே. பக்கோடா பாயிண்ட்ல பஜ்ஜித் தட்டோட நில்லுங்க, குரங்கு டேபிளுக்கே வரும்.

மார்ச் 3
அமெரிக்கா வேணாம், கிட்டத்துல எங்கயாவதுன்னு கேட்டவருக்கு: ஹாங்காங் டிஸ்னிலாண்ட் பாருங்க. 2005ல தொறந்தது. இந்தியா பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே ஆன்லைன்ல பதிவு பண்ணிட்டா 14 நாள் வரைக்கும் விசா வேணாம், அமெரிக்க விசாவுக்குக் காத்துக் கெடக்கறதை நெனைச்சா அதுவே பெருசு. பார்க் சின்னது, பெரியவங்களுக்கு நடை குறைவு. அங்கயும் ஹோட்டல்ல கேரக்டர் பஃபே உண்டு, என்சாண்டட் கார்டன்னு டிஸ்னிலாண்ட் ஹோட்டல்லயே இருக்கு. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் பில்லுலயே போட்டுருவாங்க, அதுமேல டிப்ஸ் தொல்லை கிடையாது. 4 வயசுக்கு அதே மிக்கிதான். என் தங்கச்சி கேட்டா ஆர்லாண்டோவுக்கு முன்னாடி இதைத்தான் சொல்வேன்.

மார்ச் 5
மேல எழுதுனதைத் திருப்பிப் படிச்சேன், எல்லாரும் போங்கன்னு சொல்ற மாதிரி ஆயிருச்சு. அப்படி இல்ல. புள்ளைங்களுக்கு 3க்குக் கீழன்னா காசு இல்லையேன்னு போகாதீங்க, பெரியவங்க காசுதான் பெரிய காசு, அதுங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. 10, 11 வயசுன்னா பெரியவங்க ரேட்டு குடுத்துட்டு அது போனைப் பாத்துட்டு உக்காந்திருக்கும், ரோலர் கோஸ்டர்ல விடுங்க. புள்ளைங்க அந்த கார்ட்டூனே பாக்கலன்னாலும் வேணாம், எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு சோட்டா பீம் தவிர யாரையும் தெரியாது, அவனுக்கு புளூட்டோ வெறும் மஞ்ச நாய்தான்.

4ல இருந்து 8 வரைக்கும், கூட வயசானவங்க இருந்தா, ஒரே ஒரு தடவை. ரெண்டாவது இடம் வேணாம். இதுதான் என் முடிவு, இதுல சண்டை போட வர்றவங்க வரலாம்.

மார்ச் 6
சண்டைக்கு ஒருத்தர் வந்துட்டார். ஆறு பேரும் போகணுமா, அம்மாவும் புள்ளைங்களும் மட்டும் போனா பாதி ஆச்சேங்கறார். சரியான கேள்வி. ஒரு பெரியவங்க, ரெண்டு குழந்தைன்னா 140 டாலர், வரி டிப்ஸ் சேத்து 175 பக்கம் வரும். அப்பா தாத்தா அப்பாயி மூணு பேரும் அந்த நேரத்துக்கு ரூம்ல தூங்கலாம், மோனோரயில் ஏறி சும்மா சுத்தி வரலாம், அதுக்குக் காசு இல்ல. எங்க மாமனாரை விட்டுட்டுப் போயிருந்தா அந்த போட்டோ கெடச்சிருக்காது, அது வேற. கையைக் கடிச்சா இப்படிச் செய்யலாம், நல்ல யோசனை.

மார்ச் 26
கேள்வி கேட்டவங்களுக்கு: புக்கிங் 60 நாளுக்கு முன்னாடிதான் தொறக்கும், அங்க காலை 6 மணிக்கு. இப்ப நமக்கு மத்தியானம் மூணரை, அமெரிக்காக்காரங்க தூக்கம் முழிச்சு அலாரம் வெச்சு எழுந்திரிக்கறாங்க, நாம சாப்பிட்டுட்டு தெம்பா உக்காரலாம். டிஸ்னி ஹோட்டல்ல தங்கறவங்களுக்கு மட்டும் தங்கற நாள் பூராவும் ஒரே தடவைல தொறக்கும், 10 நாள் வரைக்கும். அதனால நமக்கு முன்னாடி கொஞ்சம் பேரு எடுத்திருப்பாங்க.

கார்டுல இன்டர்நேஷனல் ஆன் பண்ணியிருக்கான்னு இன்னிக்கே பேங்க் ஆப்ல பாத்துருங்க, நம்மூர் கார்டுல அது தானா ஆன்ல இருக்காது. மூணரைக்கு உக்காந்து ஓடிபி வரலன்னு கத்துனா பிரயோஜனம் இல்ல. ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் கேன்சல் பண்ணிக்கலாம், அதுக்கு மேல போனா ஆளுக்கு 10 டாலர் புடிச்சுக்குவாங்க. அதனால ரெண்டு நாள்ல ஒவ்வொண்ணு போட்டு வெச்சு, பின்னால ஒண்ணைத் தூக்கிடலாம்.

மார்ச் 28
கேள்வி கேட்டவங்களுக்கு கெடச்சுருச்சாம், காலை பத்து நாப்பது, ஆறு பேருக்கும். வீட்டுக்காரரே உக்காந்து புக் பண்ணியிருக்கார், சும்மா சொல்லக் கூடாது.

பெரிய குழுவா போனா டிப்ஸை அவங்களே பில்லுல சேத்துருவாங்க, பில்லைப் படிச்சுப் பாருங்க, தெரியாம ரெண்டு தடவை குடுத்துட்டு வராதீங்க. உக்காந்ததும் யார் யார் வந்தாச்சுன்னு எண்ணிக்கங்க, யாராவது விட்டுப் போயிருந்தா எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி சர்வர்கிட்ட சொல்லுங்க, கூட்டிட்டு வருவாங்க. பஃபேல எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்து போயிராதீங்க, தட்டோட திரும்பி வர்றதுக்குள்ள மின்னி தாண்டிப் போயிருக்கும்.

ஆட்டோகிராப் நோட்டு இங்கேயே வாங்கிட்டுப் போங்க, அங்க வெலை கேட்டா மயக்கம் வரும். பேனா மட்டும் குண்டா, தடிமனா இருக்கறதா பாத்து எடுங்க. அந்த நாலு வெரல் கையுறையை மாட்டிட்டு நம்ம அஞ்சு ரூபா பால்பாயிண்ட்டைப் புடிக்கவே முடியாது, டொனால்ட் ரெண்டு தடவை கீழ போட்டுட்டு கோவத்துல காலை ஒதைச்சார். அது நடிப்பா நெசமான்னு இன்னும் எனக்குத் தெரியல.